கோழிக்குப் போகிற அடை

விருத்தாசலத்தில் புறப்பட்டு கம்மாபுரம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று கிழக்கே ஓடும் சாலை பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. பரங்கியர் என்று நம்மவர் அழைத்த போர்ச்சுகீசியரின் பெயரை இன்றும் சுமக்கிற ஊர் அது. அமெரிக்கக் கண்டத்துப் பயிர்களை 16ஆம் நூற்றாண்டில் கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு அவர்களுடையது. அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு கடலூர் மாவட்டத்துப் புன்செய்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மல்லாட்டை தென் அமெரிக்காவின் பயிர். மணிலாக்கொட்டை என்ற பெயர் பேச்சில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. பண்ருட்டிக்குப் பெயர் வாங்கித் தந்த முந்திரிக்குப் பூர்வீகம் பிரேசில். மிளகாய், பரங்கிக்காய், மரவள்ளிக்கிழங்கு எல்லாம் அதே கண்டத்துச் சரக்கு. இவற்றில் ஒன்றையாவது அந்நியம் என்று இன்று யாரும் தள்ளிவைப்பதில்லை. மல்லாட்டையையும் முந்திரியையும் ஆராய்வதற்கென்றே விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தக் கூட்டத்தோடு வந்த ஒரே ஒரு பயிர் மட்டும் வயலுக்குள் வந்தது, களத்துக்கும் வந்தது, ஆனால் அடுப்பங்கரை வாசலோடு நின்றுவிட்டது. அதுதான் மக்காச்சோளம்.

கம்மாபுரத்துக்கு மேற்கே, வேப்பூர், திட்டக்குடி, மங்களூர் பக்கம் தை மாசியில் போகிறவர்கள் களத்திலும் சில இடங்களில் சாலை ஓரத்திலும் மஞ்சளாகப் பரப்பிக் காயவைத்திருக்கும் மணிகளைப் பார்த்திருப்பார்கள். அதற்கும் மேற்கே பெரம்பலூர் மாவட்டம் முழுக்க இதே காட்சிதான். காய்ந்து மூட்டையான பிறகு அந்த மணிகளில் பெரும்பங்கு நாமக்கல் போன்ற இடங்களின் கோழிப்பண்ணைக்குத் தீவனமாகப் போகிறது. இப்போது எத்தனால் ஆலைகளும் போட்டிக்கு வந்துவிட்டன. முட்டைக்குள் மஞ்சள் கரு நல்ல நிறமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே தீவனக்காரர்கள் மஞ்சள் மக்காச்சோளத்தை விரும்புகிறார்கள். நாம் நேரடியாகத் தின்னாத மஞ்சள், கோழி வழியாகச் சுற்றிக்கொண்டு நம் தட்டுக்கு வந்துசேர்கிறது. கடற்கரையில் கரியில் சுட்டு எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்துத் தருகிற கதிரையும், சினிமாக் கொட்டகையில் கிண்ணத்தில் தருகிற ஸ்வீட் கார்னையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவை பால்பிடித்த பருவத்தில் ஒடித்த இளங்கதிர்கள். காய்கறி மாதிரி, பொழுதுபோக்குத் தீனி. முற்றிக் காய்ந்த மணியை அரைத்து மாவாக்கி, அதை ஒரு வேளை ஆகாரமாக உண்கிற பழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றவே இல்லை. அதற்கு ஒரு சமையல்முறை தெரியாததுதான் காரணம் என்று நினைத்தால் அது தவறு. அந்த முறை கம்மாபுரத்துப் பெண்கள் கையில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதே முறையை வைத்துக்கொண்டுதான் வட அமெரிக்காவில் குடியேறிய வெள்ளையர் முதல் நூறாண்டுகளைத் தள்ளினார்கள் என்பதைக் காட்டுவதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

1620ஆம் ஆண்டு கடைசியில் மேஃபிளவர் கப்பலில் வந்து இறங்கிய ஆங்கிலேயர்களுக்குக் கோதுமையும் பார்லியும்தான் தெரியும். இறங்கிய சில நாட்களிலேயே அந்த மண்ணின் மக்கள் குழிதோண்டிப் புதைத்துவைத்திருந்த மக்காச்சோளக் கூடைகளைக் கண்டு எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வசந்தத்தில் அதை விதைப்பது எப்படி என்று டிஸ்குவாண்டம் என்ற பூர்வகுடிக்காரர் சொல்லித்தந்தார். அந்தப் பூர்வகுடிப் பெண்கள் மணியை இடித்து, நீர் விட்டுப் பிசைந்து, தட்டி, சூடான கல்லிலோ சாம்பலுக்குள்ளோ வேகவைப்பார்கள். குடியேறிகள் அந்தக் கைவேலையை அப்படியே எடுத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினார்கள். ஜானி கேக் என்றும் ஹோ கேக் என்றும் சாம்பல் கேக் என்றும் வட்டாரத்துக்கு ஒரு பெயர். ‘ஹோ’ என்றால் களைக்கொத்து. வயலில் வேலை செய்தவர்கள் கொத்தின் இரும்புத் தகட்டில் சுட்டுத் தின்றதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்லும் கதை பிரபலம். இங்கிலாந்தின் சில பகுதிகளில் தோசைக்கல்லுக்கே ‘ஹோ’ என்ற பெயர் வழங்கியது என்பது தெரிந்தால் கதையின் சுவை கொஞ்சம் குறையும். இது ஏழை வீட்டோடு நின்ற பண்டம் என்றும் சொல்ல முடியாது. முதல் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன் காலையில் இந்த அடையை வெண்ணெயும் தேனும் விட்டுத் தின்பவர் என்று அவர் வீட்டார் எழுதிவைத்திருக்கிறார்கள். அவருடைய மவுண்ட் வெர்னான் பண்ணையில் அதைச் சுட்டுக் கொடுத்தவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். முன்னோடி உணவு என்று பெருமையாகப் பேசும்போது அதைச் சுட்ட கைகள் யாருடையவை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அமெரிக்கர் ஒருவர் எழுதி அந்நாட்டில் அச்சான முதல் சமையல் நூல் 1796இல் அமீலியா சிம்மன்ஸ் வெளியிட்டது. அதில் இந்த அடைக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. நம் கண்ணில் படவேண்டிய சங்கதி அதில் ஒன்றுதான்: மாவில் பெரும்பகுதியைக் கொதிக்கும் பாலாலோ கொதிக்கும் நீராலோ நனைத்து முதலில் வேகவிடச் சொல்கிறார். மீதி எல்லாம், உப்போ, வெல்லப்பாகோ, கொழுப்போ, அவரவர் வசதி. கொதிநீர் மட்டும் கட்டாயம். ஏன் என்று நம் வீட்டில் கொழுக்கட்டைக்கு மாவு பிசைகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ‘அப்பத்தான் மாவு ஒட்டும், விரியாது’ என்று. கோதுமை மாவில் நீர் பட்டதும் இழுவையாகிற குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அதனால்தான் சப்பாத்தி மாவு பச்சைத் தண்ணீரிலேயே இழுத்த இழுப்புக்கு வருகிறது. அரிசிக்கும் கம்புக்கும் கேழ்வரகுக்கும் மக்காச்சோளத்துக்கும் அந்த இழுவை கிடையாது. ஆனால் எல்லாத் தானியத்திலும் மாவுச்சத்து உண்டு. சுமார் 65 முதல் 70 டிகிரி வெப்பத்தில் நீரோடு சேர்ந்தால் அது உப்பிக் குழைந்து பசையாகிவிடும். கொதிநீர் விட்டால் மாவில் ஒரு பங்கு பசையாகி, மீதி மாவைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. போஸ்டர் ஒட்டக் காய்ச்சுகிற பசையின் தத்துவமும் இதுதான். இடியாப்பத்துக்கும் கம்பு அடைக்கும் வெந்நீர் வைக்கிற பெண் அறிவியல் பாடம் படிக்காமலே இதைச் செய்கிறாள். அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த பூர்வகுடிப் பெண்ணும் அப்படித்தான் செய்தாள். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றிருக்க வழியே இல்லை. தானியம் கேட்டதைக் கை கொடுத்தது, அவ்வளவுதான்.

ஆகவே செய்முறை என்று தனியாக எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்த மாவுக்கென்று சில குணங்கள் உண்டு. காய்ந்த மணியை ஒரு தரம் நன்றாகப் புடைத்து, கல்லும் சொத்தையும் பொறுக்கி, வெறும் சட்டியில் கை பொறுக்கும் சூடு வரும்வரை வறுத்து ஆறவைக்கவேண்டும். மாவு மில்லில் கேழ்வரகு அரைத்த பிறகு இதைப் போடச் சொல்வது நல்லது. மிளகாய் அரைத்த பிறகு போட்டால் அடை வேறு விதமாக இருக்கும். நைசாக அரைத்தாலும் கேழ்வரகு மாவு மாதிரி பஞ்சாக வராது. மணலை விரலில் தேய்த்தது போன்ற ஒரு நெருடல் இருக்கும். அதுதான் இதன் இயல்பு. சலித்து மேலே நிற்கிற ரவையைக் கஞ்சிக்கோ உப்புமாவுக்கோ வைத்துக்கொள்ளலாம். இரண்டு டம்ளர் மாவில் உப்பு கலந்து, தளதளவென்று கொதிக்கும் நீரை ஒன்றரை டம்ளர் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரண்டிக்காம்பால் கிளறவேண்டும். அரைப்பு நைசாக இருந்தால் நீர் சற்றுக் கூடப் பிடிக்கும். கிளறியதும் மூடி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அந்தப் பக்கம் போகக் கூடாது. அவசரப்படுகிறவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். கேழ்வரகு மாவு சட்டென்று நீரைக் குடித்துவிடும், மக்காச்சோள மாவு மெதுவாகத்தான் குடிக்கும். பத்து நிமிடம் கழித்து ஓர் உருண்டை பிடித்து உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். ஓரம் வெடித்தால் இன்னும் ஒரு கரண்டி வெந்நீர் வேண்டும். ஓரம் வெடிக்காமல் வட்டமாக விரிந்தால் பதம் சரி. நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உருவிய முருங்கைக்கீரை சேர்த்துப் பிசைந்து, எண்ணெய் தடவிய வாழையிலையில் கால் விரற்கடை கனத்துக்குத் தட்டி, காய்ந்த கல்லில் போட்டு, நடுவில் ஒரு துளையிட்டு, சுற்றிலும் எண்ணெய் விட்டு மூடவேண்டும். தீ மிதமாக எரியட்டும். அடிப்பக்கம் பொன்னிறம் தாண்டிக் கொஞ்சம் சிவந்த பிறகுதான் திருப்பவேண்டும். அதற்கு முன் கரண்டியை விட்டால் உடையும். குடியேறிகளின் அசல் அடை வேண்டும் என்கிறவர்கள் வெங்காயத்தையும் கீரையையும் விட்டுவிட்டு, மாவும் உப்பும் நீரும் மட்டும் வைத்துச் சுட்டு, நெய்யும் வெல்லப்பாகும் தொட்டுக்கொள்ளலாம். அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடையில் ‘கார்ன் ஃபிளவர்’ என்று அட்டைப்பெட்டியில் விற்கிற வெள்ளைப் பொடி இந்த மாவே இல்லை. அது மணியின் தோலையும் முளையையும் புரதத்தையும் நீக்கிப் பிரித்த வெறும் மாவுச்சத்து. சூப்பைக் கெட்டியாக்கவும் காலிஃபிளவர் வறுவலுக்கு முறுகல் கொடுக்கவும் அது உதவும். அதில் கொதிநீர் விட்டால் அடை வராது, போஸ்டர் ஒட்டலாம்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். இது தர்மச்சோறு, இல்லாதவன் தின்பது என்ற எண்ணம் முதலாவது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. காமராசர் 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கு 1961இல் அமெரிக்காவின் கேர் அமைப்பின் உதவி வந்து சேர்ந்தது. பால் பவுடரும் எண்ணெயும் மக்காச்சோள மாவும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. அந்த மாவில் கிண்டிய மஞ்சள் உப்புமாவை அலுமினியத் தட்டில் வாங்கித் தின்ற தலைமுறைக்கு இன்று 60, 70 வயது. அமெரிக்கக் குடியேறிகளின் அதே மாவு கடல் தாண்டி நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது, ஆனால் நன்கொடையாக வந்தது. அண்டாவில் மொத்தமாகக் கிண்டி, கரண்டியால் அள்ளிப்போடும் உணவாக வந்தது. கப்பலிலும் கிடங்கிலும் மாதக்கணக்கில் கிடந்த மாவுக்கு ஒரு காறல் வாடை இருப்பதும் இயல்புதான். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரித்தபோது சோறும் சாம்பாரும் வந்து அந்த உப்புமா பழைய கதையாயிற்று. ஒரு தானியத்தை மக்கள் முதல்முறை எந்தத் தட்டில் சந்திக்கிறார்கள் என்பது அதன் தலையெழுத்தை எழுதிவிடுகிறது. மல்லாட்டை பண்டிகை உருண்டையாகவும் மாலை வேளை வறுவலாகவும் அறிமுகமானது, மக்காச்சோள மாவு வரிசையில் நின்று வாங்குகிற உணவாக அறிமுகமானது. அதனால் அந்த எண்ணத்தை வெறும் அகந்தை என்று நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் அது மாவின் குறை ஆகாது. மக்காச்சோள மணியில் சுமார் 4 சதவீதம் எண்ணெய் இருக்கிறது. அரைத்த பிறகு காற்றுப் பட்டுக் கெடுவது அந்த எண்ணெய்தான். கம்பு மாவு நாலு நாளில் கசப்பது ஏன் என்று தெரிந்த வீட்டுக்கு இதைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்தால் அந்தப் பழைய வாடை வரவே வராது.

இரண்டாவது மறுப்பு கனமானது. மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு ஒரு கொடிய நோய் வந்தது. ஸ்பெயினில் கஸ்பார் கசால் என்ற மருத்துவர் 1735இல் அதை முதலில் அடையாளம் கண்டார். வெயில் படும் இடமெல்லாம் தோல் தடித்துக் கறுத்து உரியும், வயிற்றுப்போக்கு வரும், கடைசியில் புத்தி பேதலிக்கும். இத்தாலிக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் பெலாக்ரா. 20ஆம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இந்த நோய்க்குப் பலியானவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். கிருமிதான் காரணம் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தபோது, ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அரசு மருத்துவர் 1915இல் மிசிசிப்பி சிறைப்பண்ணை ஒன்றில் 11 கைதிகளுக்கு விடுதலை தருவதாக வாக்களித்து, மக்காச்சோளக் களி, அரிசி, சர்க்கரைப்பாகு போன்றவற்றையே முக்கியமாகக் கொடுத்துவந்தார். ஆறே மாதத்துக்குள் ஆறு பேருக்கு நோய் வந்தது. குறை உணவில்தான் என்பது அதோடு தெளிவாயிற்று. அந்தக் குறை நியாசின் என்ற வைட்டமின் என்பதை 1937இல் கான்ராட் எல்வேஜம் கண்டுபிடித்தார். மக்காச்சோளத்தில் நியாசின் இல்லாமல் இல்லை, உடம்பு உறிஞ்ச முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. இந்தப் பயிரைச் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப் புல்லிலிருந்து வளர்த்தெடுத்த மெக்சிகோ மக்களுக்கு அந்தக் கட்டை அவிழ்க்கத் தெரிந்திருந்தது. மணியைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்துக் கழுவித் தோல் நீக்கிய பிறகே அரைப்பார்கள். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் விறகுச் சாம்பலை வைத்து அதே வேலையைச் செய்தார்கள். குடியேறிகள் தானியத்தை எடுத்துக்கொண்டார்கள், அடை தட்டக் கற்றுக்கொண்டார்கள், சாம்பலையும் சுண்ணாம்பையும் வீண் வேலை என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் அதற்கு விலை கொடுத்தார்கள்.

இந்த விஷயம் நமக்கும் எட்டாத தூரத்தில் இல்லை. தக்காணத்தில் வெள்ளைச் சோளத்தையே முழு ஆகாரமாகக் கொண்ட ஏழைகளுக்கு இதே நோய் வந்ததை ஐதராபாத் ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த ஆய்வை முன்னெடுத்த சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். ஆனால் இந்தச் சான்றுகளை நிதானமாகப் படித்தால் அவை கண்டிப்பது ஒற்றைத் தானியத்தையே மூன்று வேளையும் தின்னும் வறுமையை என்று புரியும். வாரம் இரண்டு நாள் காலைப் பலகாரமாக அடை தின்கிறவர்களுக்கு அந்த அபாயம் கிடையாது. எந்த அடைக்கும் கம்மாபுரம் பக்கத்தில் தொட்டுக்கொள்வது பெரும்பாலும் மல்லாட்டைச் சட்னிதான். நூறு கிராம் மல்லாட்டையில் சுமார் 12 மில்லிகிராம் நியாசின் இருக்கிறது. தாவர உணவுகளில் இந்த அளவுக்கு நியாசின் தருபவை குறைவு. மக்காச்சோளப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பயறுகளில் தாராளம். கடலூர் மாவட்டத்தில் நெல் அறுத்த தரிசில் ஈரத்தோடு விதைக்கிற உளுந்தை வறுத்து, பத்துக்கு ஒன்று என்று மக்காச்சோளத்தோடு சேர்த்து அரைத்துவிட்டால் அந்தக் குறையும் பெருமளவு அடைபட்டுவிடும். கோல்ட்பெர்கர் பட்ட பாட்டையெல்லாம் படித்துவிட்டுப் பார்த்தால், ஒரு கிண்ணம் மல்லாட்டைச் சட்னியும் ஒரு டம்ளர் மோரும் எவ்வளவு பெரிய மருத்துவம் என்று தோன்றுகிறது.

மூன்றாவது, பூஞ்சணம். எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்பக்கக் கிராமங்களில், பருவம் தப்பிப் பெய்த மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று ஈரல் கெட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அஃப்ளாடாக்சின் என்ற அந்த நஞ்சு அடுப்புச் சூட்டில் அழியாது. கழுவினாலும் போகாது. ஆகவே கோழித்தீவனத்துக்கு என்று மூட்டை கட்டிக் கிடங்கில் போட்ட மக்காச்சோளத்தை வாங்கிவந்து அரைப்பது புத்திசாலித்தனம் இல்லை. கிடங்குச் சரக்குக்குப் பூச்சிக்கொல்லி மாத்திரை வைத்திருப்பார்கள் என்பது இன்னொரு காரணம். விதைத்து மீந்த மணியைத் தொடவே கூடாது. சிவப்போ பச்சையோ சாயம் ஏறியிருக்கும் அந்த மணி மருந்தில் முக்கியெடுத்தது. அடைக்கு வேண்டியது, தெரிந்த விவசாயியிடம், வெயிலில் நன்கு காய்ந்த கதிராகவே வாங்கி, வீட்டில் உதிர்த்த மணி. பல்லில் கடித்தால் ‘டொக்’ என்று உடையவேண்டும், நசுங்கக் கூடாது. அடிமுனை கறுத்தது, பச்சை படர்ந்தது, மக்கிய வாடை அடிப்பது எதுவானாலும் கோழிக்கும் போடாமல் எறிந்துவிடவேண்டும். மல்லாட்டைக்கும் இதே நஞ்சு வரும், அதற்காக யாரும் மல்லாட்டையை விட்டுவிடவில்லை. சொத்தையைப் பொறுக்கப் பழகிக்கொண்டோம்.

கடைசி மறுப்பு சிறுதானிய அன்பர்களுடையது. கம்பும் கேழ்வரகும் வரகும் இருக்க, வேற்றுக்கண்டத்துப் பயிருக்கு ஏன் வக்காலத்து என்பார்கள். 2023ஆம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது, நல்ல காரியம். ஆனால் வேற்றிடம் என்ற வாதம் மிளகாய் போடாத சட்னி அரைக்கிறவர்களுக்கு மட்டுமே பொருந்தும். பெயரைப் பாருங்கள். நாம் இதை மக்காவோடு சேர்த்தோம். இத்தாலிக்காரர்கள் துருக்கித் தானியம் என்றார்கள். துருக்கியர் எகிப்து என்று பெயர் வைத்தார்கள். போன இடத்தில் எல்லாம் அண்டை நாட்டான் தலையில் கட்டப்பட்ட பயிர் இது. பஞ்சாபில் மட்டும் அது சொந்தமாகிவிட்டது. அங்கே குளிர்காலத்தில் மக்காச்சோள ரொட்டியும் கடுகுக்கீரையும் இல்லாத வீடு அபூர்வம். அந்த ரொட்டியையும் வெந்நீரில்தான் பிசைகிறார்கள், உருட்டுக்கட்டை போடாமல் கையால்தான் தட்டுகிறார்கள். விலையையும் பார்க்கவேண்டும். 2025-26 காரீப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்குக் கேழ்வரகு 4,886 ரூபாய், கம்பு 2,775 ரூபாய், மக்காச்சோளம் 2,400 ரூபாய். சிறுதானியம் இன்று பளபளக்கும் பொட்டலத்தில் ஏறி, அதை விளைவித்து உண்டவர்களின் கைக்கு எட்டாத விலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கேழ்வரகில் பாதி விலையில், பக்கத்து ஊர்க் களத்தில் கிடக்கிற தானியத்தை அடைக்கு ஆகாது என்று தள்ளுவதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. கேழ்வரகை விட்டுவிட்டு இதைத் தின்னுங்கள் என்று சொல்லவில்லை. கேழ்வரகின் சுண்ணாம்புச்சத்து இதில் கிடையாது, அது தனி. இன்னும் அதிக நிலத்தில் இதைப் பயிரிடவேண்டும் என்றும் கேட்கவில்லை. ஆண்டுதோறும் கலப்பின விதைக்குக் கடன், 2018இல் நாட்டுக்குள் நுழைந்து அதே ஆண்டே நம் மானாவாரிக் காடுகளை மொட்டையடித்த அமெரிக்கப் படைப்புழு என்று அந்தப் பயிருக்குத் தொல்லைகள் போதும் போதும் என்று இருக்கின்றன. ஏற்கெனவே விளைந்து லாரி ஏறுவதில் வீட்டுக்கு ஒரு படி எடுத்துவைக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சுவை பற்றி மிகைப்படுத்த விரும்பவில்லை. கல்லிலிருந்து எடுத்த சூட்டில் மொறுமொறுவென்ற ஓரமும், வறுத்த வாசனையும், லேசான இனிப்பும் உள்ள இந்த அடைக்குக் கேழ்வரகு அடை ஒரு படி கீழேதான் என்பது என் கட்சி. ஆறிவிட்டால் இது விறைத்துக் கெட்டியாகிவிடும், அப்போது கேழ்வரகு அடைதான் ஜெயிக்கும். பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போவதற்கு ஏற்ற பண்டம் இது இல்லை. அமெரிக்காவில் மேற்கு நோக்கிப் போனவர்களே அதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். ராண்டால்ஃப் மார்சி என்ற படை அதிகாரி 1859இல் எழுதிய வழிப்பயண நூலில், வறுத்து இடித்த மக்காச்சோள மாவில் சர்க்கரையும் லவங்கப்பட்டையும் கலந்து, நீரில் கரைத்துக் குடிக்கச் சொல்கிறார். நம் சத்துமாவின் ஒன்றுவிட்ட அண்ணன். ஆறிய அடை மீந்தால் பிய்த்துப்போட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து உதிரி உப்புமாவாக்கிவிடலாம், வீணாகாது.

தையில் கதிர் ஒடிக்கத் தொடங்குவார்கள். வேப்பூர், திட்டக்குடிப் பக்கம் உறவு உள்ளவர்கள் பத்துக் கதிர் கேட்டு வாங்கிவந்து, நிழல் படாத மொட்டைமாடியில் ஒரு வாரம் போட்டுவையுங்கள். அடுத்த முறை கேழ்வரகோடு மில்லுக்குப் போகட்டும். அரைத்த மாவை எட்டு நாளைக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.